நடுத்தர நகரத்துக்குக் குடிபெயரும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெருநகரத்தை விட்டு நடுத்தர நகரம் ஒன்றுக்குக் குடிபோக நினைப்பவர்கள் பலர் எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பெருநகரத்திலேயே வாழ்ந்துவிட்ட எனக்கு ஒரு நடுத்தர நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. நெரிசல் குறைவு, வாடகை குறைவு என்பதைத் தவிர வேறு என்ன வேறுபாட்டை நான் எதிர்பார்க்க வேண்டும்?

பதில்: பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வகைப்பாட்டின்படி, தினமும் வேலைக்கு வந்து போகும் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை மக்கள்தொகை கொண்டவை நடுத்தர நகரங்கள். நாட்டுக்கு நாடு இந்த எல்லை மாறும் என்பதால் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அவ்வளவு பேரை நம்பி ஊரில் என்னென்ன தொழில்கள் நிலைத்து நிற்கும் என்பதே நீங்கள் யோசிக்க வேண்டியது. ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாக விளக்கினார். எந்தக் கடையும் எந்தச் சேவையும் நீடித்து நடக்க வேண்டுமானால் அதை நாடி வருவோர் குறைந்தது இத்தனை பேராவது இருக்க வேண்டும். மளிகைக் கடைக்குச் சில தெருக்கள் போதும். குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை நிபுணருக்கு ஒரு பெரிய வட்டாரமே வேண்டும்.

ஆகவே நடுத்தர நகரத்தில் அன்றாடத் தேவைகளுக்குக் குறையே இருக்காது. எப்போதாவது தேவைப்படுபவைதான் ஒன்றே ஒன்றாக இருக்கும், அல்லது இல்லாமலே போகும். ‘இந்த வசதி இருக்கிறதா’ என்று விசாரித்தால், ஊர்ப் பற்று உள்ள எவரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மருத்துவர் சரிப்படவில்லை என்றால் அடுத்தவரிடம் போவதும், ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எதிர்த்தெருவில் வேறொன்றைத் தேடுவதும் பெருநகரவாசிக்கு இயல்பாகிப்போன பழக்கம். புதிய ஊரில் முதலில் தடைபடப்போவது அந்தப் பழக்கம்தான். கடந்த ஓராண்டில் உங்கள் குடும்பம் உண்மையிலேயே பயன்படுத்திய சேவைகளை எழுதிப் பார்த்து, அவற்றில் எவற்றுக்கு அங்கே மாற்று இல்லை என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: புதிய ஊரில் சம்பளம் சற்றுக் குறைவு, வாடகையோ வெகுவாகக் குறைவு. என் மனைவியும் வேலைக்குப் போகிறவர். கணக்குப் போட்டால் லாபம் என்றே தோன்றுகிறது. எதையாவது கவனிக்கத் தவறுகிறேனா?

பதில்: இரண்டு விஷயங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். முதலாவது, வாடகை குறைவதால் எல்லாச் செலவும் குறைந்துவிடும் என்ற எண்ணம். வாகனம், எரிபொருள், கைப்பேசி, மின்னணுச் சாதனங்கள், மருந்துகள் போன்றவை ஊரின் அளவைப் பார்த்து அவ்வளவாக விலை இறங்குவதில்லை. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு இருக்க வேண்டும் என்ற அளவுகோல் அமெரிக்க அரசின் பொதுக் குடியிருப்புத் திட்டத்தில் 1969-இல் 25 சதவீதம் என்று தொடங்கி 1981-இல் 30 ஆக உயர்த்தப்பட்டு, பிறகு பரவலாக எடுத்தாளப்பட்டது. பேருந்துகள் குறைவாக ஓடும் ஊரில் இந்த அளவுகோல் மட்டும் போதாது; வீடு, போக்குவரத்து இரண்டையும் சேர்த்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே நாட்டில் நகர ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவு இன்னும் நேர்மையானது என்பது என் கருத்து. வாடகையில் மிச்சமாவது இரண்டாவது வாகனத்துக்குப் போய்விட்டால் உங்கள் லாபக் கணக்கு தலைகீழாகும்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. அந்த ஊரின் பிழைப்பு எத்தனை முதலாளிகளை நம்பியிருக்கிறது என்று பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் புகைப்படச் சுருள் தயாரித்த கோடாக் நிறுவனத்தில் 1982-இல் ஏறத்தாழ 60,000 பேர் வேலை பார்த்தார்கள். டிஜிட்டல் கேமராக்களின் வருகைக்குப் பின் அந்த எண்ணிக்கை ஆண்டுக்காண்டு சரிந்து, 2012 ஜனவரியில் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரியது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு வேலை போகும்போது அதே துறையில் பலருக்கும் சேர்ந்தே போகிறது. வேலை தேடுவோர் பெருகும் அதே வேளையில் வீட்டை விற்க நினைப்போரும் பெருகுவதால் வீட்டின் மதிப்பும் இறங்குகிறது. உங்களுக்கு வந்திருக்கும் வேலை நல்ல வேலையாகவே இருக்கலாம். அது இல்லாமல் போனால் அதே ஊரில் உங்கள் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கும் இன்னொரு இடம் உண்டா என்பதை ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் முன் விசாரித்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் வேலையைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கல்லூரிப் படிப்பு முடித்த தம்பதியர் ஏன் பெருநகரங்களில் குவிகிறார்கள் என்பதை டோரா கோஸ்டா, மேத்யூ கான் என்ற பொருளாதார அறிஞர்கள் 2000-இல் வெளியான ஆய்வில் ஆராய்ந்தார்கள். இருவருக்கும் தகுந்த வேலை ஒரே ஊரில் கிடைப்பது கடினம் என்பதையே அவர்கள் முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடப்படுவது பெரும்பாலும் மனைவியின் வேலையாகவே இருக்கிறது. அவருடைய துறையில் அங்கே எத்தனை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன என்பதை அவரே நேரில் விசாரித்து, இருக்கும் வேலையைத் தொலைவிலிருந்து தொடர முடியுமா என்பதையும் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு இருவரும் சேர்ந்து முடிவெடுப்பதே நியாயம்.

கேள்வி: வீடு பார்க்க இரண்டு நாள் மட்டுமே போக முடியும். தரகர் காட்டும் வீடுகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குறுகிய நேரத்தில் பல வீடுகளைப் பார்த்துக் குழம்புவதைவிட, மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு வேளைகளில் பார்ப்பது நல்லது. தரகர் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், தெரு அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் அழைத்துப் போவார். நீங்கள் மட்டும் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, எங்கிருந்து சத்தம் வருகிறது, பெண்களும் முதியவர்களும் அந்த நேரத்தில் அச்சமின்றி நடமாடுகிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சாலைப் போக்குவரத்தின் இரவு நேர ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் பரிந்துரைத்தது. லாரிகள் ஊரைச் சுற்றிப் போகப் புறவழிச்சாலை இல்லாத நகரத்தில் பிரதான சாலையோர வீட்டுக்கு இது எட்டாக்கனி என்பதால், படுக்கையறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன் குனிந்து சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை மட்டும் புதிதாகச் சாயம் பூசியிருந்தாலும், சாயம் பொரிந்து உப்புப் பூத்திருந்தாலும், கதவு நிலையின் கீழ்ப்பகுதி உப்பிப் போயிருந்தாலும் அந்த வீட்டுக்குள் எப்போதோ தண்ணீர் புகுந்திருக்கலாம், அல்லது நிலத்தடி ஈரம் ஏறிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டு வாசலில் நிற்பவரிடம், ‘பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது?’ என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எதுவரை என்று கேட்டால் பெரும்பாலும் கையை நீட்டி இடத்தையே காட்டிவிடுவார்கள்.

அடுத்தது தண்ணீர். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, மேல்மாடிக் குழாயில் நீர் மெலிகிறதா என்று பாருங்கள். குளியலறைக் குழாயின் வாயிலும் பூவாளியின் துளைகளிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது கடின நீர். ஒரு லிட்டரில் கால்சியம் கார்பனேட் அளவாக 60 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் மென்னீர் என்றும், 120-க்கு மேல் கடின நீர் என்றும், 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்றும் வகைப்படுத்துகிறார்கள். கடின நீரால் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நீர் சூடேற்றியும் சலவை இயந்திரமும் சீக்கிரம் பழுதாகும். நீர் எங்கிருந்து வருகிறது, வறட்சியான மாதங்களில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அந்த மாதங்களில் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டின் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் யாரையாவது அழைத்துப் பேசிப் பாருங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவராக இருந்தால், அந்தத் தெருவுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் எத்தனை என்று விசாரியுங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் பொருந்தும்.

கேள்வி: சிறிய நகரம் என்றால் காற்று சுத்தமாக இருக்கும் என்று நம்பலாமா? என் மகனுக்கு ஆஸ்துமா இருக்கிறது.

பதில்: நம்பக் கூடாது. ஊரின் அளவைவிட, அதைச் சுற்றி என்ன தொழில் நடக்கிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, ஊர் பள்ளத்தாக்கில் இருக்கிறதா, அறுவடைக்குப் பின் வயல்களைக் கொளுத்துகிறார்களா என்பவையே காற்றின் தரத்தை நிர்ணயிக்கின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. அதற்கு முன் 2005 முதல் அது 10 ஆக இருந்தது. நீங்கள் போகும் ஊரில் அளவீட்டுக் கருவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் பூங்காவுக்குள் இருக்கும் ஒற்றைக் கருவி தொழிற்பேட்டைக்கு அருகே உள்ள தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆண்டுச் சராசரியோடு நிற்காமல் மிக மோசமான மாதத்தின் அளவையும் தேடி எடுத்து, அதைக் காட்டி மகனின் மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த, இதய நோயுள்ள தந்தையை உடன் அழைத்துச் செல்கிறோம். ‘நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது. நோயைப் பொறுத்து நேரம் மாறுகிறது. அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். தமனி முழுவதும் அடைபட்ட மாரடைப்பு என்று உறுதியானதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து அடைப்பை நீக்க வாய்ப்பிருந்தால் அதையே செய்ய வேண்டும் என்றும், அதற்கு வழியில்லை என்றால் தாமதிக்காமல் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்த வேண்டும் என்றும் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மூளையில் இரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு அத்தகைய மருந்தைப் பொதுவாக அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

எனவே மருத்துவமனைக்கு நேரில் போய், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் பிரிவு இரவிலும் விடுமுறை நாளிலும் இயங்குகிறதா, இதய நிபுணர் அதே ஊரில் குடியிருக்கிறாரா அல்லது வாரத்தில் சில நாள் மட்டும் வெளியூரிலிருந்து வந்து போகிறாரா, நள்ளிரவில் ஸ்கேன் எடுக்க ஆள் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவமனையும் தவறாக எடுத்துக்கொள்ளாது. பகலில் எல்லா வசதியும் இருந்து இரவில் பூட்டிக் கிடக்கும் பிரிவுகள் நடுத்தர நகரங்களில் உண்டு என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். நோயாளியை மேல் சிகிச்சைக்கு வெளியூருக்கு அனுப்ப நேர்ந்தால் எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள், சாலை வழியே எவ்வளவு நேரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் இப்போதைய மருத்துவரிடம் நோய் விவரச் சுருக்கத்தையும், வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் சேர்த்து எழுதிய மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான நிறுவனத்தின் மாத்திரை புதிய ஊரில் கிடைக்காமல் போனாலும் மூலப்பெயரை வைத்து அதே மருந்தைக் கேட்டு வாங்கலாம். இரண்டு மாதத்துக்கான மாத்திரைகள் கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம்.

கேள்வி: ஊருக்கு வெளியே குறைந்த விலையில் பெரிய வீடு கிடைக்கிறது. நகருக்குள் அதே பணத்துக்குச் சிறிய வீடுதான். எதைத் தேர்ந்தெடுப்பது? வாடகைக்கு இருப்பதா, உடனே வாங்கிவிடுவதா?

பதில்: தூரத்தைப் பொறுத்தவரை, மனிதர்கள் ஒரு நாளில் போக வரச் செலவிடும் நேரம் பழங்காலம் தொட்டே சுமார் ஒரு மணி நேரமாக இருந்து வருகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி 1994-இல் எழுதினார். அதைத் தாண்டும்போது மனம் சலிக்கிறது. நீண்ட பயணத்தின் சிரமத்தை நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ ஈடுகட்டிவிடும் என்று பொருளாதாரக் கோட்பாடு எதிர்பார்க்கிறது. ஜெர்மனியின் தரவுகளை ஆராய்ந்த அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே இருவரும் 2008-இல், அவ்வாறு ஈடாகவில்லை என்றும் பயண நேரம் கூடக் கூட மக்களின் மனநிறைவு குறைகிறது என்றும் காட்டினார்கள். பெரிய வீட்டுக்குப் பழகிவிடுவோம். தினசரி அலைச்சலுக்குப் பழகுவது அவ்வளவு எளிதாக இல்லை. நான் சிறிய வீட்டின் பக்கம். வேலை நாளில், அலுவலகம் தொடங்கும் நேரத்துக்கு அந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள். பெருநகரத்தில் நள்ளிரவுக்குச் சற்று முன்வரை ஓடும் பேருந்து, இங்கே இரவு உணவு வேளைக்கே நின்றுவிடக் கூடும்.

வாங்குவதைப் பற்றி: ஓராண்டு வாடகைக்கு இருங்கள். அந்த ஊரின் எல்லாப் பருவங்களையும் பார்த்த பிறகு எந்தப் பகுதி உங்களுக்கு ஏற்றது என்பது தானாகத் தெளிவாகும். வாங்குவோர் எண்ணிக்கை குறைவான ஊரில் வீட்டை விற்க நாள் பிடிக்கும் என்பதால், அவசரப்பட்டு வாங்கியதைச் சரிசெய்வது அங்கே இன்னும் கடினம்.

கேள்வி: என் மகள் பள்ளி இறுதி வகுப்புகளை நெருங்குகிறாள். அவளை எப்போது அழைத்துச் செல்வது நல்லது?

பதில்: கல்வியாண்டின் இடையில் வேண்டாம், பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டில் கண்டிப்பாக வேண்டாம். பள்ளிகளைப் பார்க்கும்போது அவள் படிக்க விரும்பும் பாடப்பிரிவு மேல்வகுப்பில் இருக்கிறதா, அதே பாடத்திட்டம் தானா என்பதை முதலில் கேளுங்கள். பாடப்பிரிவு பெயரளவில் இருந்து, மாணவர் சேராததால் நடத்தப்படாமல் இருப்பதும் உண்டு. அவளை உடன் அழைத்துச் சென்று பள்ளியைக் காட்டி, அவள் கருத்தைக் கேட்டு, அதற்கு உண்மையான இடம் கொடுங்கள். தேர்வு முடியும்வரை குடும்பத்தில் ஒருவர் அவளோடு பழைய ஊரிலேயே தங்க முடியுமானால் அந்தச் செலவைத் தயங்காமல் ஏற்கலாம்.

கேள்வி: தனியாகப் போகிறேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. பழக எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: இதற்கு ஓரளவு துல்லியமான பதிலே இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் முதலாண்டு மாணவர்களிடமும் ஆய்வு நடத்தி 2018-இல் முடிவுகளை வெளியிட்டார். அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், நட்பு என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழித்த பொழுது தேவைப்பட்டது. சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை என்பதையும் அவர் கண்டார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரோடு பழகினால் அவர் சாதாரண நண்பராகவே ஆறு மாதமாகும். ஆகவே மூன்றாம் மாதத்தில் தனிமை அழுத்தினால் அது உங்கள் குறையும் இல்லை, ஊரின் குறையும் இல்லை. கணக்குப்படி அந்த வேளையில் அப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொரு வாரமும் அதே நாளில், அதே மனிதர்கள் கூடும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுக் குழுவோ, இசை வகுப்போ, நூலகக் கூட்டமோ எதுவாக இருந்தாலும் சரி, தொடர்ந்து போவதுதான் முக்கியம். நடுத்தர நகரத்தில் இது உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் அங்கே சந்தித்தவரை மறுநாள் வங்கியிலோ கடைத்தெருவிலோ மறுபடி சந்திப்பீர்கள். அதே காரணத்தால் முதல் மாதங்களில் யாரைப் பற்றியும் யாரிடமும் குறைசொல்லாமல் இருப்பது நல்லது; நீங்கள் குறைசொல்லும் நபர் எதிரில் இருப்பவரின் உறவினராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நெருங்கிய நட்பு கிடைக்கும்வரை, பார்த்தால் தலையசைக்கும் அளவில் உள்ள பழக்கங்களையும் உதாசீனம் செய்ய வேண்டாம். வேலை பற்றிய செய்தி நெருங்கியவர்களைவிட இத்தகைய அரைகுறைப் பழக்கங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே விளக்கியிருக்கிறார்.

கேள்வி: கையில் எவ்வளவு பணத்தோடு போக வேண்டும்? எந்த ஆவணங்களை எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: வீட்டு முன்பணம், சாமான்கள் ஏற்றி இறக்கும் கூலி, புதிய இணைப்புகளுக்கான கட்டணம் ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் மூன்று மாதக் குடும்பச் செலவாவது கையிருப்பில் இருக்க வேண்டும். முதல் சம்பளம் நிர்வாகக் காரணங்களால் தாமதமாவது புதிய வேலையில் நடக்கக்கூடியதே. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், முன்பிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், பழைய வேலையின் விடுவிப்புக் கடிதம், தடுப்பூசி அட்டை, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் மூலப்படிகளை லாரியில் ஏற்றாமல் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் புதிய முகவரியை முதல் வாரத்திலேயே தெரிவித்துவிட்டு, மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் மருத்துவமனைகளின் பட்டியலில் புதிய ஊரில் எவை இருக்கின்றன என்பதைக் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலை வீட்டில் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.